இரவே ஊறப்போடுங்கள்: காலைப் பயிற்சிக்கு வீட்டுச் சாப்பாடு

அத்தியாயம் 5

வாரத்தில் நான்கைந்து நாள், பொழுது விடியும் முன்பே எழுந்து ஓடவோ, கபடி ஆடவோ, சைக்கிள் மிதிக்கவோ, எடை தூக்கவோ போகிறவர்களுக்கான அத்தியாயம் இது. முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை பயிற்சி, பிறகு குளியல், பிறகு வேலை. இந்த அளவு உழைப்புக்கு வேண்டிய சத்து முழுவதும் மளிகைக் கடையிலும் காய்கறிச் சந்தையிலும் கிடைக்கிறது. டப்பாவில் அடைத்த புரத மாவு வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

தவறு நேர்வது பெரும்பாலும் வேளையிலும் பக்குவத்திலும்தான். வேர்க்கடலை நல்ல பண்டம். ஓடக் கிளம்ப அரை மணி இருக்கும்போது தின்றால் அதே கடலை எதுக்களிக்கும். கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். ஆகவே இங்கே உணவுகளைச் சத்துவாரியாகப் பிரிக்காமல், முந்தின இரவில் தொடங்கிக் கடிகாரத்தின்படி போகலாம்.

முதலில் ஒரே ஒரு கணக்கு

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, சாதாரணமாக நடமாடுகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. தவறாமல் பயிற்சி செய்கிறவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 72 முதல் 96 கிராம். நம் பண்டங்களில் புரதம் தோராயமாக இப்படி:

- முட்டை ஒன்று: 6 கிராம்
- உலர்ந்த பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலை 50 கிராம், அதாவது ஒரு பெரிய கைப்பிடி: 10 முதல் 12 கிராம்
- வேர்க்கடலை 30 கிராம்: 7 கிராம்
- துவரம்பருப்பு 30 கிராம்: 6 கிராம்
- பால் 200 மி.லி.: 6 கிராம்
- தயிர் 150 கிராம்: 5 கிராம்
- சுத்தம் செய்த மத்தி, நெத்திலி போன்ற மீன் 100 கிராம்: 18 முதல் 20 கிராம்

காலையில் நான்கு இட்லி, சாம்பார், இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல்; மதியம் சோறு, பருப்பு, தயிர்; மாலையில் வேர்க்கடலையும் ஒரு தம்ளர் பாலும்; இரவு மூன்று சப்பாத்தியும் பட்டாணிக் குருமாவும். கூட்டிப் பாருங்கள், 80 கிராமை ஒட்டி வரும். மீன் வாங்கிய நாளில் நூறைத் தொடும். முட்டையும் தொடாதவர்களுக்கு 70இல் நின்றுவிடும். அவர்கள் பருப்பைக் கூட்ட வேண்டும். சாம்பாரைத் தெளிவாக மேலாக மொண்டு ஊற்றிக்கொள்ளாமல் அடியிலிருந்து கலக்கி ஊற்றிக்கொள்வதே பாதி வேலையைச் செய்துவிடும்.

முந்தின இரவு: பயறு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ஊறிய பயறு வீட்டில் இருந்தால் காலை உணவு பாதி தயார். ஊறவில்லை என்றால் பசி வேகத்தில் பிஸ்கட்டும் டீயும்தான் கைக்கு வரும்.

1. ஆளுக்கு ஒரு கைப்பிடி பயறை எடுத்துக் கல், மண், பூச்சி பார்த்து, இரண்டு மூன்று தடவை கழுவுங்கள்.
2. பயறுபோல் மூன்று பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். பச்சைப்பயறு 6 முதல் 8 மணி நேரத்தில் ஊறும். கொண்டைக்கடலைக்கும் கொள்ளுக்கும் 10 முதல் 12 மணி நேரம். சித்திரை, வைகாசி வெயிலில் நடுவே ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். நுரை கட்டிப் புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.
3. ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி கழுவுங்கள். 'சத்து போய்விடுமே' என்று அந்தத் தண்ணீரிலேயே வேகவைக்கிறவர்கள் உண்டு. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கிறது.
4. முளைகட்டுவதானால் ஈரத்துணியில் தளர்வாக மூட்டை கட்டி, காற்றுப் படும் இடத்தில் வடிதட்டில் வையுங்கள். சென்னை, மதுரைச் சூட்டுக்கு 10–12 மணி நேரம் போதும். மார்கழியிலும் மலைப் பகுதியிலும் முழு நாள் ஆகலாம். துணி காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.
5. முளை அரை சென்டிமீட்டர் நீண்டதும் நிறுத்திவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.
6. இட்லிப் பானையில் 5 முதல் 8 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். முளைகட்டாத கொண்டைக்கடலையும் கொள்ளும் குக்கரில்தான் பதமாக வேகும்.
7. கடுகு, கறிவேப்பிலை, தேங்காய், இருந்தால் மாங்காய். எலுமிச்சம்பழத்தை அடுப்பை அணைத்த பிறகே பிழியுங்கள். சூட்டில் வைட்டமின் சி அழிந்துபோகும். பயறில் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதற்கு அந்த வைட்டமின்தான் துணை.

*பாதுகாப்பு:* ஆறாவது படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். முளைகட்ட வைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் உகந்தவை. 2011இல் ஜெர்மனியில் பச்சையாகச் சாப்பிட்ட வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஈ.கோலி தொற்றில் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பச்சை முளையில் 'உயிர்ச்சத்து' இருக்கிறது என்று யார் சொன்னாலும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வயதானவர்களும் அதைத் தொடவே கூடாது. மற்றவர்களுக்கும் ஆவி காட்டுவதால் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது.

பழைய பயில்வான் வாத்தியார்கள் ஊறிய கொண்டைக்கடலையை வெல்லத்தோடு பச்சையாகக் கொடுப்பார்கள். பண்டத் தேர்வில் குற்றமில்லை. ஆனால் வேகாத பயறில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. வெந்தால் அவை அடங்கும். வேகவைத்து, அதே வெல்லத்தைச் சேர்த்துச் சாப்பிடுங்கள். ராஜ்மா விஷயத்தில் சலுகையே கிடையாது: இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, குக்கரில் நன்றாகக் குழைய வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியை உண்டாக்கும்.

கிளம்பும் முன்

எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுங்கள்.

- *இரண்டு மணி நேரத்துக்கு மேல்:* மூன்று நான்கு இட்லி, எண்ணெய் குறைவான சட்னி. மாலையில் ஆடுகிறவர்களுக்கு இது தோதுப்படும்.
- *அரை மணி முதல் முக்கால் மணி:* ஒரு வாழைப்பழம். சிறிய பூவன் பழத்தில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து, பெரிய மோரிஸ் பழத்தில் 25 கிராம் இருக்கும். நேந்திரன் வயிற்றில் கனக்கும், அதைத் திரும்பி வந்து சாப்பிடலாம். பழத்துக்குப் பதில் பேரீச்சம்பழம் இரண்டு மூன்று, அல்லது அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு.
- *பத்து நிமிடம்:* அரை தம்ளர் தண்ணீர் போதும். உடல்நலமுள்ளவர் வெறும் வயிற்றில் முக்கால் மணி நேரம் மிதமாக ஓடுவதில் தவறில்லை. இரவுச் சாப்பாட்டின் இருப்பு அதற்குக் காணும்.

கடுங்காப்பி பழகியவர்கள் குடிக்கலாம். நெடுநேர உழைப்பில் கஃபீன் உதவுகிறது. பழக்கமில்லாதவர் முதன்முறையாகக் கழிப்பறை இல்லாத சாலையில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

*அடிக்கடி நேரும் பிழை:* நிலக்கடலை, பாதாம், நெய், கூழ், கீரை, பயறு ஆகியவற்றைச் 'சத்து' என்று கிளம்பும் முன் சாப்பிடுவது. கொழுப்பும் நாரும் வயிற்றை விட்டு மெதுவாகவே இறங்கும். இவற்றுக்கெல்லாம் பயிற்சிக்குப் பிறகுதான் இடம்.

பயிற்சியின்போது

ஒரு மணி நேரத்துக்குள் முடிவது என்றால் தண்ணீர் மட்டும், தாகத்துக்கு ஏற்ப. வேறெதுவும் தேவையில்லை. ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இதற்குக் கடைப் பானத்தைத் தேட வேண்டாம், ராமநவமிக்குச் செய்யும் பானகத்தைச் சற்று நீர்க்கச் செய்தால் போதும்.

1. 60 கிராம் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, மண் போக மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.
2. ஆறியதும் காய்ச்சிய தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள்.
3. கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, சிட்டிகை சுக்குத்தூள் சேர்த்துக் கலக்குங்கள்.
4. கால் மணிக்கு ஒரு முறை 150 மி.லி. அளவில் குடியுங்கள். மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து இதிலேயே கிடைத்துவிடும். போதாதவர்கள் இடையில் பேரீச்சம்பழம் மெல்லலாம்.

வெல்லத்தைக் கூட்டினால் வலு கூடும் என்று கெட்டியாகக் கரைத்துவிடாதீர்கள். அடர்ந்த சர்க்கரைக் கரைசல் குடலில் தண்ணீரை இழுத்து வயிற்றைப் பிடிக்க வைக்கும். மோரை ஓடும்போது குடிக்க வேண்டாம், வீட்டுக்கு வந்து குடிக்கலாம்.

வியர்வையை அளக்கும் முறை

'நாளுக்கு இத்தனை லிட்டர் தண்ணீர்' என்ற பொது விதி பயிற்சி செய்கிறவருக்குப் பயன்படாது. நாகப்பட்டினத்தின் புழுக்கத்திலும் கோவையின் காற்றிலும் ஒரே ஆளுக்கு வியர்வை ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு நாள் அளந்து பாருங்கள்.

1. சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையோடு எடை பாருங்கள்.
2. ஒரு மணி நேரம் பயிற்சி செய்யுங்கள். இடையில் குடித்த தண்ணீரின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. வியர்வையை நன்றாகத் துடைத்து, நனைந்த துணியைக் கழற்றிவிட்டு மறுபடி எடை பாருங்கள்.
4. குறைந்த எடையோடு குடித்த தண்ணீரைக் கூட்டுங்கள். 62 கிலோ 61.1 ஆகி, நீங்கள் 300 மி.லி. குடித்திருந்தால், வியர்வை மணிக்கு 1.2 லிட்டர்.

குறைந்த எடையைப்போல் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு நீரை அடுத்த சில மணி நேரத்தில் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். மேலே சொன்ன ஆளுக்கு அது சுமார் 1.1 முதல் 1.35 லிட்டர். வியர்வையோடு உப்பும் போவதால் நீர்மோர் பொருத்தமானது: 150 மி.லி. தயிர், 450 மி.லி. தண்ணீர், கால் தேக்கரண்டி உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. சட்டையில் வெள்ளை உப்புத் தடம் விழும் அளவுக்கு வியர்ப்பவர்கள் இளநீரோடு ஏதாவது உப்புப் பண்டம் சாப்பிட வேண்டும்.

*பாதுகாப்பு:* நெடுந்தூரம் ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் தண்ணீரை அளவு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள். இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் வரலாம், வலிப்பு வரைக்கும் போகலாம். இந்த நிலையில் 'இன்னும் கொஞ்சம் தண்ணி குடி' என்று புகட்டுவது ஆபத்து. உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

திரும்பி வந்ததும்

பயிற்சி முடிந்து அரை மணிக்குள் புரதம் சாப்பிடாவிட்டால் உழைத்ததெல்லாம் வீண் என்று ஜிம்மில் பயமுறுத்துவார்கள். அவ்வளவு அவசரமில்லை. ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாடு கிடைத்தால் சரி. வெறும் வயிற்றில் போனவர்கள் மட்டும் தாமதிக்காமல் சாப்பிடுங்கள்.

*இட்லியும் முட்டையும்.* சொல்ல அதிகமில்லை. முட்டையை வேகவைத்துச் சாப்பிடுங்கள். பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவே உடலில் சேர்கிறது; வெந்ததில் பத்தில் ஒன்பது பங்கு சேர்கிறது. சால்மோனெல்லா பயமும் இல்லை.

*கேழ்வரகுக் கூழ், மோர், சுண்டல்.* 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 350 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. அதே அளவு பாலில் சுமார் 120. ஆனால் கேழ்வரகின் கால்சியம் முழுவதும் உடம்பில் ஒட்டுவதில்லை. முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சினாலும், முளைகட்டி அரைத்த மாவானாலும் ஒட்டுவது கூடும். நம் பாட்டிமார் கூழைப் புளிக்கவைத்தது ருசிக்கு மட்டும் அல்ல. உடனடிப் பொட்டலக் கூழில் பாதி சர்க்கரையாக இருக்கலாம், பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

*பழைய சோறு.* வெயில் காலத்தில் ஓடி வந்தவருக்குச் சோறு, நீர், உப்பு மூன்றும் ஒரே கலத்தில். சின்ன வெங்காயமும் வேர்க்கடலைத் துவையலும் தொட்டுக்கொள்ள, கூடவே ஓர் அவித்த முட்டை. ஒழுங்கு மட்டும் தவறக் கூடாது:

1. மதியம் வடித்த சோற்றை இரவு வரை அப்படியே திறந்து வைத்துப் பிறகு தண்ணீர் ஊற்றாதீர்கள். இரவு வடித்த சோறு ஆறியவுடன், மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி மூடுங்கள்.
2. மறுநாள் காலையே சாப்பிட்டுவிடுங்கள்.
3. கொழகொழப்பு, நூல் இழுப்பு, துர்நாற்றம் எது இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. வெளியில் கிடந்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் ஒரு வகை நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை.

*குறிப்பு:* டீயையும் காப்பியையும் இந்தச் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் பயறு, கம்பு, கீரை ஆகியவற்றின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதவிலக்கால் இரும்பை இழக்கும் பெண்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டால் எதிர்ப்பக்கம் வேலை செய்யும்.

மதியம், மாலை, இரவு

வழக்கமான சாப்பாடுதான். தட்டில் சோறு பாதிக்கு மேல் போகாமல், பருப்போ மீனோ ஒரு பங்கு, காயும் கீரையும் ஒரு பங்கு. அரிசியைப் பகையாளியாக நினைக்கும் புது வழக்கம் பயிற்சி செய்கிறவருக்குப் பொருந்தாது. நெடுந்தூர ஓட்டத்துக்கு முந்தின இரவு கம்பு, வரகு, பயறு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வெறும் சோறும் ரசமும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவதுதான் நல்லது. தசையில் மாவுச்சத்து நிறையும், மறுநாள் குடலில் சுமையும் இருக்காது.

மாலைப் பசிக்கு அவித்த வேர்க்கடலை. சுருங்கியது, பூசணம் பிடித்தது, கசப்பது வாயில் பட்டால் விழுங்காமல் துப்புங்கள். பூசணத்தின் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதும் போகாது. கடலை ஒவ்வாதவர்களுக்கு எள்ளுருண்டை மாற்று என்று கொடுத்துவிடாதீர்கள், எள்ளும் சிலருக்கு ஒவ்வாது.

மருத்துவரைக் கேட்டுவிட்டு

இன்சுலினோ சர்க்கரை குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சிக்குப் போகக் கூடாது. சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர், வாழைப்பழம், கூடுதல் பருப்பு மூன்றும் கேடாகலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மேலே சொன்ன உப்பு அளவுகளை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கைக்கொள்ளுங்கள்.

தொல்லையும் திருத்தமும்

- *ஓடும்போது விலாவில் பிடிக்கிறது:* சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் இடைவெளி போதவில்லை, அல்லது ஒரே மடக்கில் நிறையக் குடித்திருக்கிறீர்கள்.
- *பயறு சேர்த்ததிலிருந்து வயிறு உப்புகிறது:* கைப்பிடியைப் பாதியாக்கி, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். ஊறிய தண்ணீரை வடிக்கிறீர்களா என்று பாருங்கள். பெருங்காயம், இஞ்சி சேருங்கள்.
- *காலை பதினொரு மணிக்கு அகோரப் பசி:* காலை உணவில் புரதம் குறைவு. இட்லியைக் கூட்டாமல் சுண்டலைக் கூட்டுங்கள்.
- *வாரக்கணக்கில் சோர்வு, படியேறினால் மூச்சு வாங்குகிறது:* இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள். பேரீச்சம்பழத்தைக் கூட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.
- *பயிற்சி தொடங்கியபின் மாதவிலக்கு மூன்று மாதம் வரவில்லை:* உழைப்புக்குத் தக்க சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதற்கு இது அடையாளமாக இருக்கலாம். எலும்பு தேயத் தொடங்கும் நிலை இது. கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை பயிற்சியைக் குறைத்து, ஒவ்வொரு வேளையிலும் சோற்றையும் எண்ணெயையும் கூட்டிக்கொள்ளுங்கள்.